உள்ளேயே நிற்கும் தோட்டா

ராமதாஸ் வனச்சரக அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது ரேஞ்சர் ரெஜினா மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"அந்த அவுட்டுக்காய வெச்சது நான்தாம்மா. எழுதிக்கோங்க. எங்க கையெழுத்து போடணுமோ போடறேன்."

ரெஜினா டப்பாவை மூடினாள்.

அவுட்டுக்காய் என்பது தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து உருட்டி வைக்கிற உருண்டை. பன்றி கடித்ததும் வாய்க்குள்ளேயே வெடிக்கும். படாளத்துக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டிய கரும்புக் கொல்லையில் அப்படி ஒன்று வெடித்திருந்தது. ஆனால் பன்றி சாகவில்லை. கீழ்த்தாடை கிழிந்து தொங்க அது கரும்புக்குள்ளேயே படுத்துக்கொண்டது. நாலைந்து நாள் கழித்து ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்து ஆட்கள் அரிவாளோடு இறங்கியபோது, முன்வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த சாராளை அது தொடையில் குத்தித் தூக்கி எறிந்தது. சாராள் இப்போது செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தாள். யார் வைத்தது என்று ஊரில் கேட்டதற்கு ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. 'அடையாளம் தெரியாத நபர்' என்றுதான் ரெஜினா வழக்கு எழுதியிருந்தாள்.

"யாருமே உங்க பேரச் சொல்லலியே. நீங்களா வந்து எதுக்குச் சொல்றீங்க?"

"சாராளை ஆட்டோல தூக்கினு போனப்போ அவ கால அமுத்திப் புடிச்சிகினு ஒக்காந்திருந்தது நான்தாம்மா. வேட்டியெல்லாம் ரத்தம். ஒரே தெருவு நாங்க. என் கொல்லைக்கி வேலைக்கி வந்த பொண்ணு." அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அதுலேர்ந்து சோறு எறங்கல. அவ்ளோதான்."

ரெஜினா எழுதிக்கொண்டாள். கைது, நீதிமன்றம், ஜாமீன் எல்லாம் அதனதன் வழியில் நடந்தன. ஜாமீனில் வெளியே வந்த மறுநாளே அவர் மறுபடி அலுவலகத்துக்கு வந்து நின்றார். இம்முறை அவளோடு கொல்லைக்கு வருவதற்காக.

அந்தக் கொல்லையை அவள் ஏற்கெனவே சுற்றிப் பார்த்திருந்தாள். பன்றியைச் சுட அனுமதி வந்துவிட்டது. அந்த மிருகத்தை இனிப் பிடித்துக் காப்பாற்ற வழியில்லை என்று கால்நடை மருத்துவர் பிரபாவதியும் எழுதிக் கொடுத்துவிட்டார். எதை வைத்துச் சுடுவது என்பதுதான் பாக்கி. மேலதிகாரி குமாருக்கு அது ஒரு கேள்வியாகவே படவில்லை.

"போலீஸ்ல பேசிட்டேன், ரெஜினா," என்றார் ஃபோனில். "ரெண்டு பேர் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி எடுத்துக்கிட்டு வருவாங்க. ஒரு மணி நேர வேலை."

"சார், கரும்புக்கு அந்தாண்டயே காலனி இருக்கு. எல்லாம் ஷீட்டு போட்ட வீடு, ஒத்தக்கல் சுவரு. எஸ்.எல்.ஆர். தோட்டா மனுஷனோட சண்டை போடச் செஞ்சது. முனை முழுக்க செப்பு உறை, விரியாது. பன்றிக்குள்ள பூந்து அந்தப் பக்கமா வந்து, அப்புறமும் போய்க்கிட்டே இருக்கும்."

"அப்போ நம்ம பன்னிரண்டு போர் துப்பாக்கில எல்.ஜி. போட்டு அடி."

"எல்.ஜி.ல ஒரு தோட்டாக்குள்ள அஞ்சாறு குண்டு சார். பரவும். பக்கத்து சரகத்துல ஒரு பன்றிய அப்படி அடிச்சாங்க. ரெண்டு குண்டு வயித்துல பட்டு, ஓடிப் போயி, வாய்க்கால்ல கெடந்து செத்துச்சு. நான்தான் போயி பாத்தேன். இந்தப் பன்றிய ஏற்கெனவே ஒரு தடவ நாம அரைகுறையா வுட்டுருக்கோம்."

"நாமளா? அந்த ஆள் வெச்சதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

ரெஜினா ஷீட்டு வீடுகளை மறுபடி நினைவுபடுத்தினாள். குமார், "சரி, எதைன்னு நீயே முடிவு பண்ணு. உன் பொறுப்புன்னு எழுதிக் கொடுத்துடு," என்று வைத்துவிட்டார்.

பொறுப்பு என்று எழுதுவது சுலபம். அலுவலக இரும்புப் பெட்டியில் ஒரு த்ரீ ஃபிஃப்டீன் துப்பாக்கி இருந்தது. எட்டு மில்லிமீட்டர் குழல், பழைய நாளிலிருந்து நம் நாட்டிலேயே செய்கிற ரகம். அதற்கு ஈய முனை வெளியே தெரிகிற சாஃப்ட் நோஸ் தோட்டாக்களும் இருந்தன. காகிதத்தில் பார்த்தால் வேகமும் இல்லை, தூரமும் இல்லை. ஆனால் அவளுக்குத் தூரம் வேண்டியதில்லை. கரும்பு ஓரத்தில் அதிகம் போனால் பதினைந்து இருபது அடி. அந்த இடைவெளியில் ஒரு முழுதாக வளர்ந்த ஆண் பன்றியை நின்ற இடத்திலேயே விழவைக்க வேண்டும். தோட்டா அதன் உடம்பைத் தாண்டவும் கூடாது. மனசு ஒன்றைச் சொன்னாலும் கண்ணால் பார்க்காமல் அவள் நம்பத் தயாராக இல்லை.

அதனால் அம்பிக்கு ஃபோன் போட்டாள்.

அம்பி செங்கல்பட்டில் ஆடிட்டர். திருப்போரூர் சன்னிதித் தெருவில் பிறந்து வளர்ந்தவன். கல்லூரியில் இருவரும் ஒரே என்.சி.சி. பிரிவு, பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்துச் சுட்டுப் பழகியவர்கள். அவள் வனத்துறைக்குப் போனாள். அவன் கணக்குக்குப் போனாலும் துப்பாக்கியை விடாமல், கிளப்பில் சேர்ந்து, உரிமம் வாங்கி, வருஷா வருஷம் போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தான். முட்டைகூடச் சாப்பிடாதவன். காகித வட்டத்தைத் தவிர வேறு எதையும் அவன் சுட்டதில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புக்குள் இருந்தது அந்த கிளப்பின் சுடுதளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. அம்பி காரின் டிக்கியிலிருந்து கட்டுக் கட்டாகப் பழைய செய்தித்தாள்களை இறக்கினான். முந்தின நாளே தண்ணீரில் ஊறப் போட்டு, சாக்குச் சணலால் கட்டியிருந்தான். ஒவ்வொன்றும் பிணம் கனம் கனத்தது.

"அப்பா ஆத்துல இல்லாத நேரமாப் பாத்து எடுத்துண்டு வந்தேன். பேப்பர்காரனுக்குப் போடறதுக்குன்னு ஒரு வருஷமா சேத்து வெச்சிருந்தார். கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியலை."

"பன்றி தின்னுடுச்சுன்னு சொல்லு."

ஈரக் காகிதம் சதைக்குச் சமம் ஆகாதுதான். ஆனாலும் எது எவ்வளவு ஆழம் போகும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடத் தோதான பொருள் இல்லை. கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, பின்னால் மணல் மேடு இருக்கும்படி வைத்தார்கள். முதலில் பன்னிரண்டு போர். எல்.ஜி. குண்டுகள் முதல் கட்டின் முகத்தைக் கந்தலாக்கின. ஒன்று ஓரமாகப் போய் மணலைக் கிளப்பியது. மற்றவை இரண்டாவது கட்டின் மேலோடு நின்றுவிட்டன.

"தோள்ல பன்றிக்கு ஒரு தடிச்ச தோல் இருக்கும், கேடயம் மாதிரி," என்றாள் ரெஜினா. "இது அதுக்கே பத்தாது."

அடுத்து அம்பி தன்னுடைய தர்ட்டி நாட் சிக்ஸ் ரைஃபிளை எடுத்தான். அதன்மேல் அவனுக்கு ஒரு காதலே உண்டு. "எதுக்கு அந்த த்ரீ ஃபிஃப்டீன் மாட்டுவண்டியக் கட்டிண்டு அழற? இதுவும் சாஃப்ட் நோஸ்தான். வேகத்தப் பாரு."

அவன் சுட்டதும் கட்டுகள் எல்லாமே ஓர் ஆட்டம் ஆடின. போய்ப் பார்த்தால் முதல் கட்டில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. அதில் செப்புச் சிதறல்கள். மிச்சத் துண்டு எல்லாக் கட்டையும் துளைத்துக்கொண்டு மணலுக்குள் போயிருந்தது. இன்னொன்று சுட்டான். அதுவும் அப்படியே.

"கிட்டத்துல இதுக்கு வேகம் அதிகம், அம்பி. கொஞ்சம் ஒடையுது, கொஞ்சம் தாண்டுது. ரெண்டுமே எனக்கு வேணாம்."

பிறகு அவள் த்ரீ ஃபிஃப்டீனோடு படுத்தாள். சத்தம்கூடக் கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்டது. கட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது மூன்றாவதின் நடுவில் அந்த ஈயம் கிடந்தது. முனை மடங்கி, காளான் குடைபோல விரிந்து, இன்னும் சூடாக. மறுபடி சுட்டாள். மூன்றாவதிலேயே, நாலு விரல் தள்ளி. இன்னொன்றும் அங்கேயே நின்றது.

அம்பி அந்த ஈயத் துண்டைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் எப்பவும் தூரத்த வெச்சே யோசிக்கறேன்," என்றான். "மாட்டுவண்டின்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ரெஜி, தோட்டாவெல்லாம் ஒரே வருஷத்துதா பாத்துக்கோ. பழசு சிலது வெடிக்காம மக்கர் பண்ணும்." ஈயத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தான். "கூட வரட்டுமா?"

"வேணாம். சட்டப்படி வரவும் கூடாது. உனக்கு அத பாக்கவும் வேணாம்."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் புதிய பெட்டியிலிருந்து பத்துத் தோட்டாக்களை எடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றையும் குழலில் போட்டுத் தாழ் சரியாக விழுகிறதா என்று பார்த்துத் தனியே வைத்தாள்.

கொல்லையில் ராமதாஸ் சொன்ன ஒரு விஷயம் அவளுக்கு வழியைக் காட்டியது.

"காலையில மோட்டார் போட்டா வருதும்மா. வாய்க்கால்ல தண்ணி குடிக்க."

"வெட்டுக்கு முன்னாடி கரும்புக்குத் தண்ணி கட்டுவாங்களா? இனிப்பு கொறஞ்சிடாது?"

அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கொறயும். மொத நாளு சேத்த நக்கிகினு கெடந்துச்சு. பாக்க முடியல. அதுக்கோசரம்தான் தெனம் போட்டுகினு கீறேன்."

ஆட்களை விட்டுக் கலைத்து விரட்ட வேண்டாம், தண்ணீருக்கு வரும்போது காத்திருந்து சுடலாம் என்று அங்கேயே முடிவானது. வாய்க்காலுக்கு அப்பால் ஏரிக்கரை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் மண்சுவராக நின்றது. கரும்பின் மூலையில் உட்கார்ந்தால் பன்றிக்குப் பின்னால் கரைதான் இருக்கும். காலனி அவள் முதுகுப் பக்கம். காலனி வழியை அடைத்து ஆட்களை உள்ளே விடாமல் நிறுத்த வனக்காவலர் ஜோயலை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பொழுது விடிந்து வெளிச்சம் நன்றாகத் தெளிந்ததும் ராமதாஸ் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். கையில் மண்வெட்டி. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வெறுங்கையோடு உட்கார அவருக்குத் தெரியாது போல.

தண்ணீர் சலசலத்து வாய்க்காலில் இறங்கியது. நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு கரும்புத் தோகை விலகியது.

அது அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிசு. ஆனால் வற்றியிருந்தது. விலாவில் எலும்பு தெரிந்தது. கீழ்த்தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. வாய்க்கால் ஓரம் வந்து மூக்கைத் தண்ணீரில் வைத்து உறிஞ்சியது. உறிஞ்சியதில் பாதிக்கு மேல் கிழிசல் வழியே திரும்ப வழிந்தது. மறுபடி உறிஞ்சியது. பக்கத்தில் ராமதாஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் துப்பாக்கியைத் தோளில் அணைத்து, முன்னங்காலுக்குப் பின்னால் குறியை வைத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள்.

அப்போது கரைமேல் ஓர் ஆள் ஏறினான்.

சாராளின் புருஷன் கிருபாகரன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ஜோயல் நின்ற வழியை விட்டு ஏரியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். சாராளின் கரும்பு அரிவாள் அவன் கையில். பன்றிக்கு நேர் மேலே, ரெஜினாவின் குறிக்கு நேர் பின்னால் வந்து நின்றான்.

"இன்னும் இன்னா பாத்துனு கீற மேடம்? அடி!"

ரெஜினா விரலை எடுத்துவிட்டாள். தோட்டா உள்ளேயே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். ஈரக் காகிதத்தில் நின்றதைக் கண்ணால் பார்த்தவள். ஆனாலும் குறி கொஞ்சம் தப்பினால், பன்றி ஓர் எட்டு நகர்ந்தால்? மனுஷன் பின்னால் நிற்கும்போது எந்தத் தோட்டாவையும் நம்ப அவள் தயாராக இல்லை.

"கீழ எறங்கு! கிருபா, அந்தப் பக்கம் எறங்கு!"

பன்றி குரல் வந்த திசைக்குத் தலையைத் தூக்கியது. கரைமேல் நின்றவனைப் பார்த்தது. உறுமல் கிழிந்த வாயில் வேறு மாதிரி வந்தது. அடுத்த நொடி கரையில் ஏறத் தொடங்கியது. கிருபாகரன் அரிவாளை ஓங்கினான், பின்வாங்கினான், ஈரமண்ணில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டான்.

டங் என்று ஓர் ஓசை. டங், டங், டங். ராமதாஸ் எழுந்து, மண்வெட்டியைக் கல்லால் அடித்துக்கொண்டே பக்கத்து உழவு நிலத்தில் ஓடினார்.

"த்தே! இங்க வா! இங்க வாடா! ஒனக்கு வெச்சவன் இங்க கீறேன்!"

பன்றி பாதிக் கரையில் திரும்பியது. அந்த உடம்பு அத்தனை வேகமாகத் திரும்பும் என்று ரெஜினா நினைத்ததில்லை. வாய்க்காலை ஒரே பாய்ச்சலில் தாண்டி உழவு நிலத்தில் இறங்கியது. ராமதாஸ் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நின்றார். பயத்தில் நின்றாரா, வேண்டுமென்றே நின்றாரா என்று பின்னால் பலர் கேட்டார்கள். அவருக்கே தெரியவில்லை.

இப்போது பன்றிக்குப் பின்னால் வெறும் உழவு மண். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒருவரும் இல்லை. ரெஜினா அதனோடு குழலைத் திருப்பிக்கொண்டே போய், அது தனக்கு முன்னால் பக்கவாட்டில் கடக்கும்போது விசையை அழுத்தினாள்.

அது முன்னங்கால் மடிந்து, மூக்கால் மண்ணைக் கீறிக்கொண்டு சறுக்கி, ராமதாஸின் காலுக்கு ஓர் ஆள் நீளம் முன்னால் நின்றது. ஒரு தடவை பின்னங்கால் உதறியது. அவ்வளவுதான். ரெஜினா அடுத்த தோட்டாவை ஏற்றி, குறி விலகாமல், வெகுநேரம் நின்றாள். தேவைப்படவில்லை.

மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை.

கிருபாகரன் கரையிலிருந்து இறங்கி வந்தான். முழங்கை சிராய்த்து ரத்தம். நேரே ராமதாஸிடம் போய் அவர் மார்பில் கையை வைத்துத் தள்ளினான்.

"ஒன்ன யாரு கூப்ட்டா? ஆங்? ஒன்ன யாருய்யா கூப்ட்டா?"

தள்ளிய கையாலேயே அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ராமதாஸ் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவனைப் பிடித்துக்கொண்டார். ரெஜினா கிருபாகரனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டும் என்றுதான் கிட்டே போனாள். போனவள், "ரெண்டு பேரும் மொதல்ல ஒக்காருங்க," என்று மட்டும் சொன்னாள்.

பிரபாவதி வந்து உடலை அறுத்துப் பார்த்தார். தோட்டா தோளுக்குப் பின்னால் நுழைந்து, நெஞ்சைக் கடந்து, அந்தப் பக்கத் தோலுக்கு அடியில் வந்து நின்றிருந்தது. தாடை முழுக்கச் சீழும் புழுவும். "எப்படித்தான் இத்தனை நாள் இருந்துச்சோ," என்றார் அவர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. கறி கேட்டு நாலு பேர் வந்தார்கள். கிடைக்காது என்று ஜோயல் அவர்களைத் திருப்பி அனுப்பினான். ஜே.சி.பி.யால் ஆழக் குழி எடுத்துப் புதைத்தார்கள்.

சாயங்காலம் அம்பி ஃபோன் செய்தான். ஒரே தோட்டாதான், தாண்டவில்லை என்று சொன்னாள். சுடும் நேரத்தில் ஆள் வந்து நின்றதையும் சொன்னாள்.

"சுடலையே நீ?"

"சுடல."

"அது போதும்," என்றான் அம்பி.

ராமதாஸ் மேலிருந்த வழக்கை அவள் எதுவும் தளர்த்தவில்லை. அவருக்கும் அந்த எண்ணம் இல்லை. தானாக வந்து ஒப்புக்கொண்டதையும், கரையில் நடந்ததையும் நடந்தபடி எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்பினாள். தீர்ப்பு வர வேண்டிய நேரத்தில் வரும்.

மறுநாள் சாராளின் வாக்குமூலத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போனாள். தொடையில் தடித்த கட்டு. காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். ஆனாலும் முகத்தில் தெளிச்சி வந்திருந்தது. கிருபாகரன் எல்லாவற்றையும் சொல்லி, அதற்கு நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டிருந்தான் என்பது அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"பட்டுனு போச்சா மேடம்?" என்று சாராள் கேட்டாள்.

"பட்டுனு போச்சு."

"அது போதும். எனக்கு அது மேல கோவமே வரல, தெரியுமா? எனக்கும்தான் உயிர் போற மாதிரி வலிச்சிச்சு. ஆனா ஊசி போட டாக்டர் இருந்தாரு, கால அமுத்திப் புடிக்க ஆள் இருந்துச்சு. அதுக்கு யாரு இருந்தா, தண்ணி வுட்ட மனுஷன வுட்டா?" சொல்லிவிட்டு வார்டு வாசலைப் பார்த்தாள். "அந்த ஆளு தெனம் கஞ்சிய குடுத்தனுப்பிட்டு வெளியவே நின்னுனு கீறாரு. நர்ஸம்மா வரைக்கும் கேக்கறாங்க, யாரும்மா அதுன்னு. உள்ள வரச் சொல்லுங்க."

ராமதாஸ் படிக்கட்டுப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தார். ரெஜினா சொன்னதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார். வார்டுக்குள் போகும்போது அவர் நடை ஏதோ பாத்திரத்தைத் தளும்பாமல் கொண்டுபோகிறவருடையது போல இருந்தது. கட்டிலுக்கு எட்டவே நின்றுவிட்டார்.

"அந்தக் கரும்ப இன்னும் வெட்டலியாமே," என்றாள் சாராள். "ஆலைக்காரன் வண்டிய வேற ஆளுக்கு வுட்டுட்டா இன்னா பண்ணுவ?"

"நாளைக்கி வெட்றோம்," என்றார் ராமதாஸ்.

"கிழக்கால வரிசை எல்லாம் சாஞ்சி கெடக்குது. அடியோட வெட்டச் சொல்லு. மேல மேல வெட்டிட்டுப் போய்டுவாளுங்க."

"சொல்றேம்மா."

"ஒக்காரு."

கிருபாகரன் ஸ்டூலை விட்டு எழுந்து அதை அவர் பக்கம் தள்ளினான். ரெஜினா வாக்குமூலத்தை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று வெளியே வந்து, ஜீப்பை நோக்கி நடந்தாள்.